9,000 ஆண்டுக் குத்தகை எழுதியவர்

கின்னஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நகம் வளர்த்துச் சாதனை படைத்தவர், நாள் கணக்கில் தூங்காமல் சைக்கிள் ஓட்டியவர், மலைபோல் இட்டலி அவித்தவர் என்று யார் எதைச் செய்தாலும் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு 1955-ல் வெளிவந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மனிதர் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் புத்தகம் எழுதியவர் அல்லர், பீர் காய்ச்சியவர். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் வாழ்ந்த ஆர்தர் கின்னஸ்தான் அவர்.

அவர் செய்த ஒரு காரியமே சாதனைப் புத்தகத்தில் ஏறத்தக்கது. மூடிக் கிடந்த ஒரு பட்டறையை அவர் குத்தகைக்கு எடுத்தார். பத்தாண்டுக்கு அல்ல, நூறாண்டுக்கும் அல்ல. 9,000 ஆண்டுக்கு!

அந்தக் குத்தகையைக் காப்பாற்ற அவர் நகரசபையோடு மோதினார். பிறகு, தாம் நன்றாகச் செய்து வந்த சரக்கையே கைவிட்டு, அயல் நாட்டுச் சரக்கு ஒன்றைக் கையில் எடுத்தார். கறுப்பு நிறமும் கசப்புச் சுவையும் கொண்ட அந்தச் சரக்கின் பெயர் போர்ட்டர்.

காரியஸ்தர் மகன்

டப்ளினுக்கு மேற்கே, கில்டேர் மாவட்டத்தில், லிஃபி ஆற்றங்கரையில் செல்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பாதிரியாராக இருந்தவர் ஆர்தர் பிரைஸ். அவருடைய நிலபுலன்களைக் கவனித்து, வாரம் வசூலித்து, கணக்கு எழுதி வந்த காரியஸ்தர் ரிச்சர்ட் கின்னஸ். இந்த ரிச்சர்டுக்கும் எலிசபெத் ரீடுக்கும் பிறந்தவர்தான் ஆர்தர்.

அவர் பிறந்த நாளைச் சொல்லும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. 1803 ஜனவரியில் 78 வயதில் இறந்தார் என்று கல்லறையில் பொறித்திருக்கிறது. அதைக் கொண்டு கணக்குப் பார்த்தால் 1724-ல், அல்லது 1725 தொடக்கத்தில் பிறந்தவர் என்று ஆகிறது.

குழந்தைக்குப் பாதிரியாரின் பெயரே வைக்கப்பட்டது. பாதிரியாரும் சாமானியப்பட்டவர் அல்லர். படிப்படியாக உயர்ந்து 1744-ல் காஷெல் நகரத்து ஆர்ச்பிஷப் ஆனார். எஜமானர் உயர உயர, காரியஸ்தர் குடும்பமும் ஓரளவு தலையெடுத்தது. எழுத்தும் கணக்கும் ஆர்தருக்கு வீட்டிலேயே படிந்தன.

அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் வேலையாட்களுக்கு வேண்டிய பீரை வீட்டிலேயே காய்ச்சுவது வழக்கம். தகப்பனாரே ஆர்ச்பிஷப் மாளிகையில் பீர் காய்ச்சினார், அவரிடமிருந்தே மகன் ரகசியத்தைக் கற்றான் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளது வேறொன்றுக்கு. 1752-ல் ஆர்ச்பிஷப் காலமானார். அவருடைய உயிலில் காரியஸ்தர் ரிச்சர்டுக்கு 100 பவுன், அவர் மகன் ஆர்தருக்கு 100 பவுன் என்று எழுதியிருந்தது.

நூறு பவுன் அன்று சிறு தொகை அல்ல. இளைஞன் நினைத்தால் நாலு வருஷம் உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கலாம். ஆர்தர் தீர்க்கவில்லை. தாயார் எலிசபெத் பத்தாண்டுக்கு முன்பே இறந்து போயிருந்தார். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை செல்பிரிட்ஜில் ஒரு விடுதி நடத்தி வந்தவர். பீர் வாங்குவதும் விற்பதும் எப்படி என்பது அங்கே கண் முன்னாலேயே நடந்தது.

1755-ல், அதே லிஃபி ஆற்றங்கரையில், லீக்ஸ்லிப் என்ற ஊரில் ஆர்தர் ஒரு சிறு பீர்ப் பட்டறையைக் குத்தகைக்கு எடுத்தார். அப்போது அவருக்கு முப்பது வயது.

பத்திரத்தில் ஓர் எண்

லீக்ஸ்லிப்பில் தொழில் மோசமில்லை. ஆனால் ஊர் சிறிது. வாடிக்கைக்காரரை எண்ணிவிடலாம். டப்ளினோ பெரிய பட்டணம். நாலு வருஷம் கழித்து ஆர்தர் லீக்ஸ்லிப் பட்டறையைத் தம்பி ரிச்சர்டிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டணத்துக்குப் புறப்பட்டார்.

டப்ளின் நகரின் மேற்கு வாசலுக்கு செயிண்ட் ஜேம்ஸ் வாசல் என்று பெயர். அதையொட்டி 4 ஏக்கர் நிலத்தில் ரெய்ன்ஸ்ஃபோர்டு குடும்பத்தாருக்குச் சொந்தமான ஒரு பட்டறை பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு செப்புக் கொப்பரை, மாவு ஊறவைக்கும் ஒரு பெரிய தொட்டி, ஓர் அரைவை ஆலை, தானியம் முளைகட்டும் கொட்டகைகள் இரண்டு, 12 குதிரை கட்டும் லாயம், 200 டன் வைக்கோல் அடையும் பரண் ஆகியவை அங்கே இருந்தன. இருந்தும் அதை எடுத்து நடத்த ஆள் வரவில்லை.

ஆர்தர் வந்தார். 1759 டிசம்பர் 31-ஆம் தேதி பத்திரம் கையெழுத்தாயிற்று. முன்பணம் 100 பவுன். ஆண்டு வாடகை 45 பவுன். குத்தகைக் காலம் 9,000 ஆண்டு.

இந்த எண்ணைப் படிப்பவர்கள் இன்றும் சிரிப்பது உண்டு. ஆனால் ஆர்தர் கோமாளி அல்லர். நீண்ட காலக் குத்தகை அன்றைய அயர்லாந்தில் புதிதும் அல்ல. குத்தகைக்காரன் பாடுபட்டு இடத்தைச் செழிக்கச் செய்ததும், சொந்தக்காரன் வாடகையை ஏற்றுவதும், மறுத்தால் வெளியேற்றுவதும் எந்த நாட்டிலும் உள்ள கதை. பத்திரத்தில் காலத்தை நீட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை. வாடகை 45 பவுன்தான். அவர் காலத்திலும் அதுவே, பேரன் காலத்திலும் அதுவே. இந்தத் தைரியம் இருந்தால்தான் ஒருவன் கையிலுள்ளதையெல்லாம் போட்டுத் தொழிலைப் பெருக்குவான். காரியஸ்தர் மகனுக்கு வாரம் வசூலிக்கும் வழியெல்லாம் தெரியுமல்லவா?

பிற்காலத்தில் கம்பெனி அந்த நிலத்தை விலைக்கே வாங்கிக்கொண்டது. பத்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆயினும் பத்திரம் பத்திரமாகவே இருக்கிறது. டப்ளினில் அந்தப் பட்டறையைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பத்துப் பிள்ளைகளும் பதினோரு துயரங்களும்

பட்டறை எடுத்த அடுத்த ஆண்டு கழிந்து, 1761 ஜூன் மாதம் 17-ஆம் தேதி, டப்ளின் செயிண்ட் மேரி தேவாலயத்தில் ஆர்தருக்கும் ஆலிவியா விட்மோருக்கும் திருமணம் நடந்தது. பெண் வீட்டார் வசதி படைத்தவர்கள். 1,000 பவுன் சீர் வந்தது. அயர்லாந்தின் புகழ் பெற்ற அரசியல் தலைவர் ஹென்றி கிராட்டன் குடும்பத்துக்கும் ஆலிவியாவுக்கும் உறவு உண்டு.

வியாபாரிக்குப் பணமும் உறவும் சேர்ந்தன. ஆனால் அந்த வீட்டில் ஆலிவியா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் 21 தடவை கருவுற்றார். பெரியவர்களாக வளர்ந்த குழந்தைகள் பத்துப் பேர்தான். ஆறு மகன்கள், நான்கு மகள்கள். மிச்சம் பதினொன்றும் பிறக்கு முன்போ, பிறந்து சில காலத்திலோ கைநழுவிப் போயின. அந்தக் காலத்தில் பணக்கார வீடென்றும் ஏழை வீடென்றும் பார்த்துச் சாவு வரவில்லை. பட்டறையில் ஒரு கொப்பரை இறங்கி மறு கொப்பரை ஏறிக்கொண்டிருக்க, வீட்டில் தொட்டில் நிறைவதும் வெறுமையாவதும் இருபது ஆண்டுக்கு மேலாக நடந்தது.

பத்திரத்தில் 9,000 ஆண்டு எழுதியவருக்குப் பிள்ளை விஷயத்தில் ஒரு வருஷம் கூட நிச்சயம் இல்லை.

தண்ணீர்ச் சண்டை

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கொப்பரை கழுவவும், தானியம் நனைக்கவும், பீப்பாய் அலம்பவும் அதற்கும் பல மடங்கு வேண்டும். தண்ணீர் நின்றால் பட்டறை நின்றது.

செயிண்ட் ஜேம்ஸ் வாசலுக்குத் தண்ணீர் லிஃபி ஆற்றிலிருந்து வரவில்லை. நகருக்கு நீர் கொண்டுவரும் கால்வாயிலிருந்து வந்தது. குத்தகையோடு தண்ணீரும் தமக்கு இலவசம் என்பது ஆர்தரின் கட்சி. பத்திரப்படி அப்படித்தான் என்றார். டப்ளின் நகரசபை ஒப்பவில்லை. 1773-ல் நகரசபைக் குழு வந்து பார்த்தது. ஆர்தர் கால்வாய்ச் சுவரை உடைத்து, அனுமதித்ததைவிடப் பெரிய குழாய்கள் வைத்திருக்கிறார் என்று குற்றம் சாட்டியது. பணம் கட்டு, இல்லாவிட்டால் அடைத்துவிடுவோம் என்று எச்சரித்தது. ஆர்தர் அசையவில்லை.

1775-ல் நகரசபை சொன்னதைச் செய்யத் துணிந்தது. ஷெரீப்பும் ஆட்களும் மண்வெட்டி, பிக்காசு சகிதமாக வந்து கால்வாயைத் தூர்க்கத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு ஆர்தர் ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர், சங்கத் தலைவர், மேன்மக்களோடு பழகுகிறவர். ஒரு கூலியாளின் கையிலிருந்த பிக்காசைப் பிடுங்கிக்கொண்டு வழியில் நின்றார். வாயில் வராத வார்த்தை இல்லை. நீங்கள் தலையிலிருந்து கால் வரை தூர்த்தாலும் மறு நிமிஷமே நான் வெட்டித் திறப்பேன் என்ற கருத்தில் சபதம் போட்டார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பின் வழக்கு, வாய்தா, பேச்சு வார்த்தை. கடைசியில் 1784-ல் சமாதானம் ஏற்பட்டது. குத்தகையின் மீதிக் காலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 10 பவுன் கொடுத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இலவசம் என்ற பிடிவாதத்தை ஆர்தர் விட்டார்; தண்ணீரை மட்டும் விடவில்லை.

ரயிலடிப் பெயர்

இனி போர்ட்டர் கதைக்கு வருவோம். போர்ட்டர் என்றால் நமக்கு ரயிலடியில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக மூட்டை தூக்குகிறவர் நினைவுதான் வரும். அந்த நினைவு பிசகல்ல. பீருக்கு அந்தப் பெயர் வந்ததே சுமைகூலிகளால்தான்.

18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் நகரில் தேம்ஸ் ஆற்றில் வந்து நின்ற கப்பல்களிலிருந்து நிலக்கரி, தானியம், உப்பு எல்லாம் மனிதர் முதுகில்தான் இறங்கின. தெருவில் பொட்டலமும் பெட்டியும் சுமந்து சென்ற போர்ட்டர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு நகரத்தார் அடையாள வில்லை கொடுத்திருந்தார்கள். காலை முதல் மாலை வரை சுமக்கிறவனுக்குப் பசியும் தாகமும் ஒன்றாக வரும். அவர்கள் விரும்பிக் குடித்தது கருஞ்சிவப்பான, கசப்பு மிகுந்த, மாதக் கணக்கில் பீப்பாயில் கிடந்து பதப்பட்ட ஒரு வகைப் பீர். கூலிக்காரர் பீர் என்ற பொருளில் அதற்குப் போர்ட்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1721-லேயே அந்தப் பெயர் எழுத்தில் வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் ஷோர்டிச்சில் பட்டறை வைத்திருந்த ரால்ஃப் ஹார்வுட் என்று ஒரு கதை உலவுகிறது. சாராயக் கடைக்காரர் மூன்று பீப்பாய்களிலிருந்து கலந்து கொடுக்கும் சிரமத்தைத் தவிர்க்க, மூன்றின் ருசியும் ஒன்றில் இருக்கும்படி அவர் காய்ச்சினாராம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கதை அச்சேறியது பல பத்தாண்டுக்குப் பிறகு. உண்மையில் போர்ட்டரை ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை. லண்டன் பட்டறைக்காரர்கள் தங்கள் பழுப்புப் பீரைச் சிறுகச் சிறுகத் திருத்தி, ஹாப்ஸைக் கூட்டி, வெகு நாள் வைத்திருந்து, அந்த நிலைக்குக் கொண்டு வந்தார்கள்.

கூலிக்காரர் குடித்த சரக்கு முதலாளிகளைக் கோடீசுவரர்கள் ஆக்கிற்று. சாமுவேல் விட்பிரெட் என்பவர் 1750-ல் லண்டன் சிஸ்வெல் தெருவில் போர்ட்டருக்கென்றே பெரிய ஆலை கட்டினார். 1785-ல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் அங்கே ஓடத் தொடங்கிற்று. 1787-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே ராணியோடு வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வீடு போன்ற பீப்பாய்களைக் கட்டி யார் பெரியவர் என்று முதலாளிகள் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டியின் விபரீதம் 1814 அக்டோபர் 17-ல் தெரிந்தது. லண்டனில் மியூக்ஸ் ஆலையின் பீப்பாய் ஒன்று வெடித்து, போர்ட்டர் வெள்ளம் பக்கத்துக் குடிசைகளில் பாய்ந்து எட்டுப் பேர் மாண்டார்கள்.

கறுப்பு வந்த வழி

போர்ட்டரில் சேரும் பண்டங்கள் நான்கே: பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். வெள்ளைப் பீருக்கும் அவையே. நிறமும் ருசியும் மாறுவது பக்குவத்தில்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டுவதுபோல்தான். முளை விட்டதும் தானியத்தில் உள்ள மாவு சர்க்கரையாக மாறத் தயாராகிறது. அந்த நேரத்தில் சூடேற்றிக் காயவைத்து முளையை நிறுத்திவிட வேண்டும். இப்படிக் காய்ந்ததற்கு மால்ட் என்று பெயர். இளஞ்சூட்டில் காய்ந்தால் வெளிர் மால்ட். விறகுத் தீயில் கடுமையாகக் காய்ந்தால் பழுப்பு மால்ட். போர்ட்டருக்கு நிறமும் லேசான புகை வாசனையும் தந்தது இந்தப் பழுப்பு மால்ட்தான்.

மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். சாற்றைக் கொப்பரையில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பைத் தருவதும், பீர் சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுவே. ஆறிய சாற்றில் ஈஸ்ட் விழுந்ததும், தோசை மாவு பொங்குவதுபோல் நுரைத்துப் பொங்கும். சர்க்கரை சாராயச் சத்தாகவும் வாயுவாகவும் பிரிகிறது. ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்பதோ, அது எப்படி வேலை செய்கிறது என்பதோ ஆர்தருக்குத் தெரியாது. பாஸ்டர் வந்து விளக்கியது அடுத்த நூற்றாண்டில்.

லண்டன் நகரத்தார் கறுப்புப் பீரில் கைதேர்ந்ததற்குத் தண்ணீரும் ஒரு காரணம். அங்கே கிணற்றுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்த நீரில் வெளிர் பீர் சரியாக அமையாது. கருகலாகக் காய்ந்த மால்ட்டில் உள்ள புளிப்பு அந்தக் காரத்தை அடக்கிவிடும். ஆகவே கறுப்பு நன்றாக வந்தது. தண்ணீருக்கு ஏற்ற சரக்கு என்பதைச் சாஸ்திரம் சொல்லு முன் நாக்கு சொல்லிவிட்டது.

ஆர்தர் மறைந்த பிறகு போர்ட்டர் இன்னும் கறுத்தது. அதன் காரணம் விசித்திரமானது. பட்டறைகளில் சாற்றின் கனத்தை அளக்கும் கருவி புழங்கத் தொடங்கியது. ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் 1784-ல் அதைப் பற்றி நூல் எழுதினார். அளந்து பார்த்ததில், விலை மலிவு என்று நம்பி வாங்கிய பழுப்பு மால்ட்டில் சத்து குறைவு என்றும், வெளிர் மால்ட்டே லாபம் என்றும் தெரிந்தது. வெளிர் மால்ட்டைக் கூட்டினால் நிறம் போய்விடுகிறது. கருக்கிய சர்க்கரையும் வேறு பல கலப்படங்களும் நுழைந்தன. அரசாங்கம் அவற்றைத் தடுத்தது. கடைசியில் 1817-ல் டேனியல் வீலர் என்பவர் ஓர் இரும்பு உருளைக்குக் காப்புரிமை பெற்றார். காப்பிக் கொட்டை வறுப்பதுபோல் மால்ட்டை அதில் போட்டுச் சுழற்றி, காப்பி நிறத்துக்கும் மேலாகக் கறுக்க வறுத்தார். ஒரு பிடி போதும், கொப்பரை முழுதும் கறுத்துவிடும். இன்று நாம் காணும் கறுப்புப் பீர் அந்த உருளையில் பிறந்தது.

ஆகவே, ஒரு நாள் பட்டறையில் பார்லி தற்செயலாகக் கருகியதென்றும், ஆர்தர் அதை வீணாக்காமல் காய்ச்சியதில் கறுப்புப் பீர் பிறந்ததென்றும் சொல்வது வெறுங்கதை. ஆர்தர் காய்ச்சிய போர்ட்டர் லண்டன் முறையில், பழுப்பு மால்ட்டைக் கொண்டு செய்தது. அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, கற்றுக்கொண்டார்.

இரண்டு கொப்பரையா, ஒன்றா?

ஆர்தர் டப்ளினில் முதலில் காய்ச்சியது ஏல் என்ற பழைய வகைப் பீர். ஹாப்ஸ் குறைவு, நிறமும் இளஞ்சிவப்பு. அது நன்றாகவே விற்றது. 1767-ல் டப்ளின் பீர் காய்ச்சுவோர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. 1769-ல் ஆறரைப் பீப்பாய் ஏல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

ஆனால் எதிர்த் திசையில் கப்பல் கப்பலாக லண்டன் போர்ட்டர் வந்து இறங்கியது. அயர்லாந்து அன்று இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. வரிச் சட்டங்கள் இங்கிலீஷ் பீருக்குச் சாதகமாக இருந்தன. ஐரிஷ் பட்டறைக்காரர்கள் ஹாப்ஸை இங்கிலாந்தைத் தவிர வேறு எந்த நாட்டிலிருந்தும் தருவிக்கக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. டப்ளின் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன.

இந்த நிலையில் ஆர்தர் முன் இரண்டு வழிகள் இருந்தன. வரி குறையும் வரை தெரிந்த ஏலையே காய்ச்சிக்கொண்டு காத்திருக்கலாம். அல்லது எதிரியின் சரக்கையே, எதிரியைவிட நன்றாகக் காய்ச்சிக் காட்டலாம். 1770-களின் பிற்பகுதியில் அவர் போர்ட்டர் காய்ச்சத் தொடங்கினார். அயர்லாந்தில் அதை முயன்ற முதல் ஆள் அவர் அல்லர். முயன்றவர்களில் விடாமல் பிடித்தவர் அவர்.

உடனே ஏலை விட்டுவிடவும் இல்லை. இருபது ஆண்டுக் காலம் ஒரு பக்கம் ஏல், ஒரு பக்கம் போர்ட்டர் என்று இரண்டும் கொதித்தன. ஏல் வாங்கியவர்கள் பழைய வாடிக்கை; அவர்களால்தான் பட்டறை நின்றது. போர்ட்டரில் இறங்குவதோ பெரிய முதல் வேண்டும் காரியம். மாதக் கணக்கில் பீப்பாயில் கிடக்கும் சரக்கு மாதக் கணக்கில் முடங்கும் பணம்.

இதற்கிடையே வரிச் சண்டை சட்டசபையில் நடந்தது. ஹென்றி கிராட்டன் பட்டறைக்காரர்களுக்காக வாதாடினார். 1795-ல் அயர்லாந்தில் பீர் மீதான வரி நீங்கியது. களம் சமமாயிற்று.

1799 ஏப்ரல் 22. அன்று செயிண்ட் ஜேம்ஸ் வாசலில் கடைசிக் கொப்பரை ஏல் இறங்கியது. அதற்குப் பிறகு போர்ட்டர் மட்டும் என்று ஆர்தர் முடிவு செய்தார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். பேரப் பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில், நாற்பது ஆண்டு சோறு போட்ட தொழிலை மூடிவிட்டுப் புதியதையே நம்பினார். வயதானால் துணிவு குறையும் என்பார்கள்; அவர் விஷயத்தில் அது பொய்த்தது.

1801-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனிப் பக்குவம் ஒன்று பட்டறைக் குறிப்பேட்டில் ஏறியது. வெயில் நாட்டுக்குக் கப்பலில் பல வாரம் போக வேண்டியது என்பதால் ஹாப்ஸும் வீரியமும் கூட்டி அதைக் காய்ச்சினார்கள். அயர்லாந்துக்கு வந்திறங்கிய சரக்கு அயர்லாந்திலிருந்தே கடல் கடந்தது.

இரு பக்கமும் இடி

பட்டறைக்கு வெளியிலும் ஆர்தர் சும்மா இருக்கவில்லை. ஏழைகளுக்கு வைத்தியம் செய்த மீத் மருத்துவமனையின் நிர்வாகத்தில் பங்கு கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தர 1786-ல் டப்ளினில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி தொடங்க முன்னின்றார். கௌரவம் என்ற பெயரில் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்த சங்கத்தில் சேர்ந்தார்.

அவர் புராட்டஸ்டன்ட். நாட்டில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; அவர்களுக்கு வாக்குரிமையும் பதவியும் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. கத்தோலிக்கருக்கும் உரிமை வேண்டும் என்ற கிராட்டனின் கட்சியை ஆர்தர் ஆதரித்தார். சொந்த மதத்துச் செல்வர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

ஆனால் 1798-ல் ஐரிஷ் புரட்சிக்காரர்கள் ஆயுதம் எடுத்தபோது ஆர்தர் அவர்கள் பக்கம் சேரவில்லை. சட்டத்தின் வழியே உரிமை வர வேண்டும் என்பது அவர் எண்ணம். புரட்சிக்காரர்கள் அவருடைய சரக்கைப் புராட்டஸ்டன்ட் போர்ட்டர் என்று ஏசினார்கள். ஒரு சாரார் கத்தோலிக்கருக்கு நண்பன் என்று முகம் சுளிக்க, மறு சாரார் ஆங்கிலேயருக்கு வேண்டியவன் என்று வைதார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. அவர் அடியையும் வாங்கிக்கொண்டார், கொள்கையையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரியா என்று அயர்லாந்தில் இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு.

தாயின் அருகே

1803 ஜனவரி 23-ல் ஆர்தர் கின்னஸ் காலமானார். டப்ளினில் அத்தனை செல்வாக்கோடு வாழ்ந்தவரை டப்ளினில் அடக்கம் செய்யவில்லை. கில்டேர் மாவட்டத்தில் ஊட்டரார்ட் என்ற மேட்டில், பாழடைந்த பழைய தேவாலயமும் உருண்டைக் கோபுரமும் உள்ள மயானத்தில், தாயார் எலிசபெத்தின் குழியருகே அவரைக் கிடத்தினார்கள்.

மூத்த மகன் ஹோசியா பாதிரியாரானார். இன்னொரு மகன் ஜான் கிராட்டன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாகி இந்தியாவுக்கு வந்தார். பட்டறை இரண்டாம் மகன் ஆர்தரிடம் போயிற்று. தகப்பன் போட்ட பாதையில் மகன் நடந்தார். வீலரின் உருளையில் வறுத்த கறுப்பு மால்ட்டை எடுத்துக்கொண்டார். 1821-ல் வீரியம் மிகுந்த போர்ட்டருக்குத் திட்டமான பக்குவம் வகுத்தார். வீரியமான போர்ட்டருக்கு ஸ்டௌட் போர்ட்டர் என்று பெயர். நாளடைவில் போர்ட்டர் என்ற வால் உதிர்ந்து ஸ்டௌட் என்ற தலை மட்டும் நின்றது.

1886-ல் கம்பெனியின் பங்குகள் லண்டன் சந்தைக்கு வந்தபோது, உலகிலேயே பெரிய பீர் ஆலை அது. பார்லி, ஹாப்ஸ் தரம் பார்க்கக் கல்லூரிப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தார்கள். 1899-ல் அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் வில்லியம் சீலி கோசெட். சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முழுச் சரக்கின் தரத்தை மதிப்பிடும் கணித வழியை அவர் 1908-ல் வெளியிட்டார். மாணவன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய அந்தச் சோதனையை இன்று உலகெங்கும் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் கற்கிறார்கள். 1997-ல் கம்பெனி வேறொரு பெரிய நிறுவனத்தோடு இணைந்து, டியாஜியோ என்ற பெயரின் கீழ் வந்தது. குடும்பத்தின் கையைவிட்டுப் போனாலும் செயிண்ட் ஜேம்ஸ் வாசலில் கொப்பரை அணையவில்லை.

லண்டனில் போர்ட்டரால் கோடீசுவரரான முதலாளிகளின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிப் போயின. சிஸ்வெல் தெருவில் விட்பிரெட் 1976-ல் காய்ச்சுவதை நிறுத்திற்று. லண்டன் சுமைகூலிகளின் பானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்தது, அதைக் கடன் வாங்கிய டப்ளின்.

9,000 ஆண்டு என்று ஆர்தர் எழுதியதில் இதுவரை கழிந்தது முந்நூறு கூட இல்லை. மிச்சத்தைப் பார்க்க யாரும் இருக்கப் போவதில்லை. ஆனால் மூடிக் கிடந்த ஒரு கொட்டகையின் முன் நின்று, ஆண்டு 45 பவுனுக்கு அவ்வளவு தூரம் பார்த்த ஒரு காரியஸ்தர் மகனை, அந்தப் பத்திரம் இருக்கும் வரை ஜனங்கள் மறக்கப் போவதும் இல்லை.